என் கை இருக்க இன்னொரு கை

சைகோனில் இருக்கும் என் பிள்ளைக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் அதை, உன் அப்பா ஊர்ப் பிறப்பு இறப்பு எழுதும் மேரி ஆபீசிலேயே அவரிடம் கொடுத்துவிட்டார். அவர் மத்தியானம் சாப்பிட வந்தபோது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி வாய் மோர் சாதம் இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. முன்னாலேயே கொடுத்திருந்தால் அவருக்குக் குழம்பு ஊற்ற மறந்துபோயிருப்பேனாம். உண்மைதான், மறந்துதான் போயிருப்பேன். இரண்டு தரம் படித்தேன். உன் பிள்ளை என் கையில்தான் பிறக்கப்போகிறது என்று அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாயாம். ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவள் என் அம்மா என்று பெருமை அடித்துக்கொண்டாயாம். பிறந்த சேதி கிடைத்ததும் எனக்கு ஒரு சீனப் பட்டுப் புடவை வாங்கப் போகிறாய், என்ன நிறம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நிறத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். உன் பிள்ளை என் கையில் பிறக்கப்போவதில்லை.

இன்று காலையில் ஏம்பலத்திலிருந்து உன் மாமனார் வீட்டு வண்டிக்காரன் வந்தான். ஒரு கூடை கத்தரிக்காயை இறக்கி வைத்துவிட்டு, தனத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, அஞ்சலை வந்து வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனாள், பிள்ளைக்குத் தலை இறங்கியிருக்கிறது, ஒன்றும் கவலைப்பட வேண்டாமென்று சொல்லச் சொன்னார்கள் என்றான். தலை இறங்கியிருக்கிறதா இல்லையா என்று இந்தச் சுற்று வட்டாரத்துக்கே சொல்கிறவள் நான். எனக்கு அதை ஒரு வண்டிக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போகிறான். கத்தரிக்காயை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உன் அப்பா கூடையை எட்டிப் பார்த்து, "கத்தரிக்கா இன்னா பண்ணுச்சு பாவம்" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. எனக்கு வயிறு எரிகிறது. இதை வேறு நல்ல வார்த்தை போட்டுச் சொல்லலாம், ஆனால் பெற்ற பிள்ளையிடம் என்ன பூச்சு வேண்டியிருக்கிறது. பொறாமைதான். அஞ்சலை மேல் எனக்கு இருக்கும் பொறாமைக்கு உன் பொண்டாட்டியைவிட வயது அதிகம்.

அஞ்சலையை நீ பார்த்திருக்கிறாய். உன் கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே நின்று வெற்றிலை மென்றுகொண்டு, உன்னைப் பார்த்து ஏதோ சொல்லிப் பெண்களையெல்லாம் சிரிக்க வைத்தாளே, அவள்தான். ஏம்பலத்து நாவிதர் வீட்டுப் பெண். அவள் மாமியார் பிரசவம் பார்த்தாள், பிறகு இவள் பார்க்கிறாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். நான் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரிகளிடம் இரண்டு வருஷம் படித்து, பிரெஞ்சில் எழுதிய பத்திரம் வாங்கிக்கொண்டு இங்கே வந்தபோது, அவளுக்கு இன்னும் மீசை முளைக்காத புருஷன் ஒருவனும் ஓட்டைக் குடிசை ஒன்றும்தான் இருந்தன. ஆனால் பெண்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் நான் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, இரும்புக் கட்டிலுக்கு வெள்ளைத் துணி விரித்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். தெருவோடு அஞ்சலையை யாராவது அவசரமாக அழைத்துக்கொண்டு போவார்கள். போகிற போக்கில் என்னைப் பார்த்து, சாப்பிட்டாச்சாம்மா என்று வேறு கேட்டுவிட்டுப் போவாள். அந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. உன் அப்பா ஒருநாள் கேட்டார், நீ ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாயா, அஞ்சலைக்கு வேவு பார்க்கிறாயா என்று.

இன்னொன்றும் உண்டு. நான் இந்த வேலைக்குப் போனதே நம் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. நாவிதச்சி செய்கிற வேலையைச் செய்யவா பெண்ணைப் படிக்க வைத்தாய் என்று உன் தாத்தாவை முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அதனால் அவள் வேறு நான் வேறு என்று காட்டிக்கொள்ள எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது. வாராவாரம் பட்டணத்திலிருந்து மோட்டாரில் வரும் வெள்ளைக்கார டாக்டர் துரை, ஆஸ்பத்திரி அலமாரியின் சாவியை என் கையில் கொடுத்தார். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. கத்தரிக்கோல், நூல், பஞ்சு, ஸ்பிரிட், குழந்தைகளுக்குக் கண்ணில் விடும் மருந்து எல்லாம் அதற்குள் இருக்கும். எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும் என்று சொன்னார். நான் அதை வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, மளிகை அறைச் சாவியோடு ஒரே கொத்தாகக் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் நடந்தால் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அஞ்சலை இடுப்பில் கேட்காது. சின்னப் பிள்ளையில் நீ அதைப் பிடித்து இழுத்து விளையாடுவாய், நினைவிருக்கிறதா? ஒருநாள் அதற்காக உன்னை அடித்தேன். அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன், ஆனால் இந்தக் கடிதத்தில் அது சின்னத் தப்பு.

இந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆம்பிளைப் பிள்ளை, உனக்குத் தெரிந்திருக்காது. பிள்ளை வலி எடுத்து, நேரமாகியும் பிறக்காவிட்டால், வீட்டில் பூட்டியது, கட்டியது, மூடியது எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். நெல் குதிரின் மூடியை எடுத்துவிடுவார்கள். பெட்டிகளைத் திறந்து போடுவார்கள். மாட்டை அவிழ்த்து விடுவார்கள். பெண்கள் எல்லாரும் கொண்டையை அவிழ்த்துத் தலையை விரித்துக்கொள்வார்கள். எல்லாம் திறந்துகொண்டால் அவளுக்கும் வழி திறக்கும் என்று நம்பிக்கை. நான் படித்த புத்தகத்தில் இது இல்லை. கன்னியாஸ்திரியம்மாவிடம் ஒருதரம் சொன்னபோது சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன். ஊரில் யாராவது என்னிடம் அதைப் பேசினால், தலையை விரித்துக்கொண்டு பிரசவ அறைக்குள் வந்தால் முடிதான் விழும், பிள்ளை விழாது என்பேன். என் வாய் அப்படி.

நீ ஐந்து வயதுப் பிள்ளையாக உன் அத்தை வீட்டில் இருந்த மாசி மாதம் அது. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஏம்பலத்திலிருந்து கரும்பு வண்டியில் வைக்கோல் பரப்பி ஒரு பெண்ணைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். தலைச்சன் பிரசவம். அவள் பெயரைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். விடியற்காலையிலிருந்து வலி, உச்சிப் பொழுதாகியும் பிறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று சொன்னது வேறு யாருமில்லை, அஞ்சலைதான். அவளே வண்டியின் பின்னால் நடந்து வந்தாள். என் ஆஸ்பத்திரிக்கு அவள் ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறாள் என்றதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது நல்ல சந்தோஷம் இல்லை. இன்றைக்கு மாட்டினாயா என்ற சந்தோஷம். அந்தப் பெண்ணை இறக்கும்போது அவள் அஞ்சலையின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. நான் கையை நீட்டினேன், அவள் பார்க்கக்கூட இல்லை. சுத்தம் இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது, துரை உத்தரவு என்று சொல்லி, விரல் விரலாகப் பிரித்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைத் தாழ் போட்டேன். துரை அப்படி உத்தரவு போட்டது உண்மைதான். கை கால் கழுவினால் வரலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்தப் பாதியை நான் சொல்லவில்லை.

அவளை இரும்புக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். நேர் எதிரே அலமாரி. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், பிள்ளை நேராகத்தான் இருந்தது, ஒரு கோளாறும் இல்லை. பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவள் கண் மட்டும் அலமாரிப் பூட்டை விட்டு நகரவில்லை. அதைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டாள். சர்க்கார் அலமாரி, திறக்கக்கூடாது என்றேன். இன்னொரு வலி வந்து போனதும் திரும்பக் கேட்டாள். அவளைப் பெற்றவள் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள். கடைசியில் அஞ்சலை ஜன்னலுக்கு வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பூட்டத் தொறக்கறதுல உனுக்கு இன்னாம்மா போவுது? அதுக்கு மனசு அடங்கும். அவ்ளோதான்" என்றாள்.

எனக்கு எதுவும் போகாது. சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு திருகு. வேறு யார் கேட்டிருந்தாலும், பிடிவாதம் பிடிக்கிற குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோலத் திறந்துவிட்டிருப்பேனோ என்னவோ. கேட்டது அஞ்சலை, அதனால் திறக்கவில்லை. சாவிக்கொத்தை இடுப்புக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டு, அந்தப் பெண்ணின் காலை அகட்டிப் பிடித்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள். வலியோடு எழுந்து, தாழை அவளே திறந்துகொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன், ஆனால் பிடித்து நிறுத்தவில்லை. போகட்டும், போய் அஞ்சலையிடமே படட்டும் என்று மனசுக்குள் நினைத்தேன். அதை நினைத்தவள் உன் அம்மா.

வண்டி ஏரிக்கரை தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை, நல்ல குரல். தொப்புள் கொடி அறுக்க அஞ்சலையிடம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் இருக்கும் என்று நம்பி அவள் கையை வீசிக்கொண்டுதான் வந்திருந்தாள். வண்டியில் கிடந்த கரும்பு அரிவாளைத் துணியில் துடைத்து அதால் அறுத்தாள். என் கத்தரிக்கோல் கொதிக்க வைத்துத் துடைத்துப் பளபளவென்று அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. குழந்தை ஐந்து நாள் நன்றாகப் பால் குடித்தது. ஆறாம் நாள் வாயைத் திறக்க முடியவில்லை. உடம்பு வில்லாக வளைந்து, எட்டாம் நாள் போய்விட்டது. இரும்புத் துருவாலும் அழுக்காலும் வரும் நோய் அது, புத்தகத்தில் படித்திருக்கிறேன். துரை வந்தபோது விசாரித்தார். படிப்பில்லாத மருத்துவச்சி அரிவாளால் கொடி அறுத்ததால் குழந்தை இறந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. பூட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. துரை அஞ்சலையை வரவழைத்து, மேரி ஆபீஸ் வாசலில் ஊர் பார்க்கத் திட்டினார். வெகுநாள் அவளை யாரும் கூப்பிடவில்லை. என் கட்டிலுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்கு நன்றாகச் சோறு இறங்கியது.

அந்தப் பெண்தான் உன் மாமியார் பவுனம்மா. தனத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளை அது. தனம் பிறந்தது அஞ்சலை கையில், பவுனம்மாவின் சொந்த வீட்டில். உன் பெரியப்பா இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தபோது ஊர் பெயரைக் கேட்டேனே தவிர, யார் வீட்டுப் பெண் என்று நிச்சயதார்த்தத்தன்றுதான் தெரிந்தது. பவுனம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பாக்கு வெற்றிலை மாற்றும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், தலைச்சன் பிரசவம் எங்கள் வீட்டில்தான், அஞ்சலைதான் பார்ப்பாள் என்று. தாய் வீட்டில் பிரசவம் என்பது ஊர் வழக்கம்தானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. நீ அப்போது தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தப் பிள்ளை போனதற்கப்புறம் நான் மாறவில்லை என்று நினைக்காதே. ஒரு வருஷம் கழித்து, வேறொரு பெண் அதேபோல் அலமாரியையே பார்த்தபோது, யாரும் கேட்காமலே நான் பூட்டைத் திறந்தேன். அவள் விட்ட மூச்சை இன்றைக்கும் கேட்கிறேன். அடுத்த அரை மணியில் பிள்ளை பிறந்தது. அதிலிருந்து பிரசவம் என்றால் முதலில் பூட்டைத் திறப்பேன். மல்லாக்கப் படுக்க வெட்கப்படுகிறவளை உத்தரத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்க விட்டேன். நஞ்சுக்கொடியை ஆஸ்பத்திரிக் குழியில் போடாமல், அவர்கள் வீட்டு மண்ணிலேயே புதைத்துக்கொள்ள ஓலைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். நாய் இழுத்துப் போய்விடுமோ என்ற பயம் போனதும் இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். துரை மெச்சினார், இந்த ஜனங்களின் மனசைத் தெரிந்த ஒரே மருத்துவச்சி நீதான் என்றார். தலை குனிந்து நின்று அதை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றும் அஞ்சலை செய்வதைக் கேட்டும், தெருவில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டும் கற்றுக்கொண்டது. யாரிடம் கற்றேன் என்று சொல்லவே இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு கை வலிக்கிறது. இதை உனக்கு அனுப்புவேனா என்று தெரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, பட்டுக்கு நிறம் மட்டும் எழுதி அனுப்பினாலும் அனுப்புவேன்.

கிழிக்கவில்லை. பதினான்கு நாள் கழித்து அதே காகிதத்தின் கீழேயே எழுதுகிறேன். உனக்குப் பெண் குழந்தை. தனம் நன்றாக இருக்கிறாள். குழந்தையும் நன்றாக இருக்கிறது, கறுப்பு, உன் மூக்கு. சைகோன் தந்தியில் இதைத்தான் உன் அப்பா அடித்திருப்பார். தந்தியில் அடங்காததை நான் சொல்கிறேன்.

முதல் பாதியை எழுதிய மூன்றாம் நாள் காலை, ஆஸ்பத்திரியைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அதே வண்டிக்காரன் ஓடிவந்தான். விடியற்காலை வலி எடுத்துவிட்டது என்றான். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறான் என்று நினைத்து, சரி என்று திரும்பவும் துடைப்பத்தை எடுத்தேன். அவன் நகரவில்லை. "அஞ்சல உங்களக் கூட்டியாரச் சொல்லிச்சு. கத்திரிக்கோல எடுத்துக்கினு வரணுமாம்" என்றான். கையிலிருந்த துடைப்பத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, சாயங்காலம் உன் அப்பா அதை அலமாரிக்குள் கண்டெடுத்தார். ஏனென்றால் அலமாரியைத் திறந்து, கத்தரிக்கோலை எடுத்து, கதவுகளை அகலத் திறந்தபடி விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பெட்டி, மளிகை அறை, கொல்லைக் கதவு எல்லாவற்றையும் திறந்து போட்டேன். சாவிக்கொத்தை உன் அப்பா கையில் கொடுத்தேன். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அதை முதல் தரம் கையில் வாங்கினார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். பிறந்த சேதி வருகிறவரை வாசலை விட்டு நகர மாட்டேன், போய் வா என்றார்.

ஏம்பலத்தில் வீடு முழுக்கத் திறந்து கிடந்தது. குதிரின் மூடி முற்றத்தில் கிடந்தது. மாடுகள் இஷ்டத்துக்கு வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தன. பெண்கள் எல்லாரும் விரித்த தலையோடு நின்றார்கள். பவுனம்மா உள்ளறைக் கதவுநிலையில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடுப்பைத்தான் பார்த்தாள்.

"சாவி எங்க சம்பந்தி?"

வீட்டில் விட்டுவிட்டு வந்தேன், அங்கேயும் ஒன்றுகூடப் பூட்டியில்லை என்றேன். அவள் இன்னும் வழி விடவில்லை. பார்வை மட்டும் என் தலைக்கு ஏறியது. நான் கொண்டையை ஊராருக்கு முன்னால் அவிழ்த்ததே இல்லை, உனக்குத் தெரியும். ஆணி மாதிரி ஊசி குத்தி இறுக்கி முடிந்துவிட்டால் ராத்திரிதான் அவிழ்ப்பேன். அந்த வாசலில் நின்று ஒவ்வொரு ஊசியாக உருவினேன். நரைத்த முடி முதுகில் விழுந்தது. பவுனம்மா நகர்ந்து நின்றாள்.

உள்ளே தனம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். இன்னொரு கை அஞ்சலையின் தோளில். எனக்கென்று ஒரு கை மிச்சமில்லை. அப்போதும் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அஞ்சலை என்னை ஒருதரம் பார்த்து, என் கையிலிருந்த மூட்டையைக் கண்ணால் காட்டினாள். கத்தரிக்கோலைச் சுற்றிய துணியை மூன்று முடிச்சு போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அவிழ்த்தேன். வெந்நீர் கேட்டு, கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தேன். அஞ்சலை அதற்குள் யாரும் சொல்லாமலே கையை முழங்கை வரை சீயக்காய் போட்டுக் கழுவியிருந்தாள், நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். அந்த அரிவாளுக்குப் பிறகு ஒவ்வொரு பிரசவத்துக்கும் கத்தியை நெருப்பில் காட்டாமல் தொடமாட்டாள் என்று பின்னால் பவுனம்மா சொன்னாள். அவளும் என்னை ஒட்டுக்கேட்டுக் கற்றிருக்கிறாள்.

ஒரு கட்டத்தில் தலை தெரிந்து நின்றுவிட்டது. என் கை தானாக முன்னால் போயிற்று. கொஞ்சம் நகர் என்று சொல்லியிருந்தால் அவள் நகர்ந்திருப்பாள். என் பேரப் பிள்ளை, என் படிப்பு, நான் சொல்லியிருக்கலாம். தனத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் அஞ்சலை வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் மூச்சு விடச் சொன்னால் விட்டு, அடக்கச் சொன்னால் அடக்கி. நான் அதற்கு நடுவில் போயிருந்தால் உடம்பை இறுக்கிக்கொண்டிருப்பாள், அவள் அம்மாவைப்போல. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அஞ்சலை குழந்தையை ஏந்தினாள். கொடியின் துடிப்பு அடங்கி, நஞ்சும் விழுந்த பிறகு, என் பக்கம் திரும்பிக் குழந்தையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "நீ அறும்மா" என்றாள். நூல் கட்டி அறுத்தேன். கத்தரிக்கோல் மட்டும்தான் என்னுடையது.

வீட்டுக்குத் திரும்பவில்லை. ஏம்பலத்திலேயே தங்கிவிட்டேன். யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் விடிந்ததும் தனத்தின் அறை வாசலில் உட்கார்ந்து, குழந்தை வாயைத் திறக்கிறதா, பால் இழுக்கிறதா என்று பார்ப்பேன். எதிர்ப் பக்கம் பவுனம்மா உட்கார்ந்து அதையேதான் பார்ப்பாள். இரண்டு பேரும் எதை எண்ணுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தனத்துக்குத் தெரியாது, மாமியாரும் அம்மாவும் இப்படி ராசியாகிவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டாள். ஆறாம் நாள் குழந்தை கொட்டாவி விட்டது. வாய் அகலமாகத் திறந்து மூடியது. பவுனம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தாள்.

எட்டாம் நாள் அஞ்சலை குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க வந்தபோது, பவுனம்மாவும் இருக்கையில், எல்லாவற்றையும் சொன்னேன். கழுவினால் உள்ளே வரலாம் என்று துரை சொன்னதை மறைத்தது, அறிக்கையில் பூட்டை எழுதாமல் விட்டது, எல்லாம். அஞ்சலை குழந்தையின் காலை நீவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கொன்னது அருவாதான்னு எனுக்குத் தெரியும்மா. கத்திரிக்கோலு உள்ள இருந்துச்சுன்னும் தெரியும்."

அப்படியானால் மேரி வாசலில் அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்கிட்ட யாரு கேட்டாங்க?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழந்தையைப் புரட்டிப் போட்டு முதுகுக்கு எண்ணெய் வைத்தாள். அன்றைக்குத் துரை என்னிடம் கேட்டார், எழுதிக்கொண்டார். உன் அப்பாவின் ஆபீசில் அதைப் பத்திரமாக வைத்தார்கள். அவளிடமும் பவுனம்மாவிடமும் யாரும் கேட்கவில்லை. நானே கேட்டிருக்கலாம், எத்தனை நாள் அவள் என் வாசலோடு போய், சாப்பிட்டாச்சாம்மா என்று கேட்டிருக்கிறாள். அடுத்த முறை துரை வரும்போது விட்டுப்போனதை எழுதிக் கொடுக்கப்போகிறேன். இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்று அவர் கேட்பார். வேலை போனாலும் போகட்டும். உன் அப்பா எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பிரெஞ்சில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். பவுனம்மா குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, என் மடியில் வைத்தாள். நான் அதன் வாயைத்தான் முதலில் பார்த்தேன். அஞ்சலை முற்றத்தில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என் மடியில் இருந்துகொண்டே உன் மகள் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள். பதினோரு நாள் குழந்தை, அதற்கு என்ன தெரியும் என்று உன் அப்பா சொல்கிறார். எனக்குத் தெரியும் அது எங்கே திரும்பியது என்று.

அங்கே உன் சிநேகிதர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. உன் மகளை முதலில் ஏந்தியது ஏம்பலத்து அஞ்சலை. உன் அம்மா பக்கத்தில் நின்று கொடி அறுத்தாள். லீவில் வரும்போது நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போ. வாசலில் நின்று கூப்பிடாதே, உள்ளே போய் உட்கார், அவள் கொடுக்கிற தண்ணீரைக் குடி. நீ அவள் வீட்டுக்குள் இருக்கும் நேரமெல்லாம் எனக்கு இங்கே வயிறு எரியும், இருந்தாலும் போ. அந்தச் சீனப் பட்டை அவளுக்குக் கொடு. எந்த நிறமும் வாங்கு, பச்சை மட்டும் வேண்டாம். பச்சை எனக்குப் பிடித்த நிறம். அவள் அதைக் கட்டிக்கொண்டு என் வாசலோடு போனால் என்னால் தாங்க முடியாது.

உன் அம்மா